சத்தம் மாறினதும் இறக்கு

மூன்று வாரமாக அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர, சாப்பாடு என்று ஒன்று நடந்ததாகச் சொல்ல முடியாது. எது சமைத்தாலும் ஒரு வாய் போகும், மிச்சம் மூடிக் கிடந்து மறுநாள் குப்பைக் கூடைக்குப் போகும். காய்ச்சலில் படுத்த தையல்காரிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. போன நாக்கு மட்டும் திரும்பி வரவில்லை. எதை வாயில் வைத்தாலும் மரத்தூளை மெல்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கஞ்சியைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பினாள், பழத்தைக் கண்டால் கண்ணை மூடினாள்.

போன திங்கட்கிழமை மருத்துவர் அவளை எடை மேடையில் ஏற்றினார். எட்டு கிலோ காணாமல் போயிருந்தது. அடுத்த திங்கள் வரும்போது முள் இன்னும் கீழே இறங்கியிருந்தால் கட்டிலில் போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்திக்கு அப்படிக் குழாய் விட்டதை இவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். வீடு வந்த பிறகும் சாப்பிடவில்லை. சாப்பிட வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லையே, நான் என்ன செய்ய என்று அழுதாள்.

அவள் புருஷனுக்கு டமாரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கூட்டாளிகள் வைத்தது. சாலையைப் பிளக்கிற பிரேக்கர் மிஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் நின்றவன். அவன் வேலை செய்கிற தெருவில் குழந்தை தூங்காது, நாய் படுக்காது. அப்பேர்ப்பட்ட தாரைப் பிளந்தவனால், ஆறு நாளாக அவள் வாயைப் பிளந்து ஒரு கரண்டி கஞ்சியை உள்ளே தள்ள முடியவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் குனிந்து தண்ணீர் டம்ளரை நீட்டியபோது அவளாகவே சொன்னாள்.

"எறா இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன் போல இருக்கு."

டமாரம் டம்ளரை வைத்த இடமும் தெரியாது, செருப்பை மாட்டிய விதமும் தெரியாது. இடது காலில் தன்னுடையதும் வலது காலில் அவளுடையதுமாக மீன் கடைக்கு ஓடினான்.

மீன்காரியிடம் அரைக் கிலோ இறால் உரித்துத் தரச் சொன்னான். அவள் தராசைப் பார்த்துக்கொண்டே என்னமோ சொன்னாள். இவன் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினான். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உரித்துக் கொடுக்க நான் என்ன உனக்கு வாக்கப்பட்டவளா என்று அவள் கேட்டிருக்கிறாள் என்பது, அவள் நிமிர்ந்து இன்னொரு தரம் சொன்னபோது வாயைப் பார்த்துத்தான் விளங்கியது. காதில் விழாத பேச்சுக்கெல்லாம் ஆமா போட்டு ஒப்பேற்றுவது அவனுடைய பல வருஷத்து வைத்தியம். பத்துக்கு ஒன்பது தடவை பலிக்கும். பலிக்காத அந்த ஒரு தடவை இப்படி மானம் போகும். ஓடு, தலை, மீசையோடு பையை வாங்கிக்கொண்டு, காது சுட வீடு வந்தான்.

வீடு என்றால் இரண்டு அறை. ஒன்றில் கட்டிலும் தையல் மிஷினும். இன்னொன்றில் அடுப்பு, பாத்திரம், குழாய். நடுவில் கதவில்லாத ஒரு வாசல். கட்டிலிலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியாது.

உரிப்பதற்குக் கீழ்த்தளத்துக் கொழுந்தியாள் வந்தாள். வந்தவள் இறாலை உரித்ததைவிட மாமனை உரித்ததுதான் அதிகம். அவன் ஒரு இறாலை எடுத்து முதுகைக் கீறி, உள்ளே இருக்கிற கறுப்பு நரம்பை உருவப் பார்த்தான். மிஷின் அதிர்வு வாங்கி வாங்கி மரத்துப்போன விரலுக்கு நரம்பும் தட்டுப்படவில்லை, இறாலும் தட்டுப்படவில்லை. மூன்று இறால் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"விடு மாமா. நீ எறாலுக்கு ரோடு போட்டுட்டு இருக்க" என்று கொழுந்தியாள் பிடுங்கிக்கொண்டாள்.

உரித்துக்கொண்டே உபதேசமும் செய்தாள். காய்ச்சலில் கிடந்த வயிறு, பச்சையாக எதுவும் போகக் கூடாது, அரை மணி நேரமாவது வேக வை என்றாள். கட்டிலில் கிடந்தவளுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, அரை மணி நேரம் வேக வைத்தால் அதைச் செருப்புக்கு அடியில் தைத்துக்கொள்ளலாம், சாப்பிட முடியாது என்றாள். அக்காவும் தங்கையும் வாசலைத் தாண்டிச் சண்டை போட்டார்கள். சண்டை முற்றுகிற நேரத்தில் தங்கைக்குத் தன் வீட்டு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. வந்து முக்கால் மணி ஆகியிருந்தது. போட்டது போட்டபடி ஓடினாள்.

டமாரம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, எத்தனை நிமிஷம், அதை மட்டும் சொல்லு என்றான்.

"நிமிஷமா? நான் எங்க நிமிஷம் பாத்தேன்?"

அதுவும் உண்மைதான். அவள் அடுப்படியில் நின்று சமைத்தவளே இல்லை. ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனிக்கு வீட்டிலிருந்தே துண்டுக் கணக்கில் காலர் தைத்துக் கொடுக்கிறவள். வாணலியில் போட்டுவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். கால் மிதித்துக்கொண்டிருக்கும், கை துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும், காது மட்டும் அடுப்படியில் இருக்கும். வெங்காயம் வதங்கினால் தெரியும், தண்ணீர் சுண்டினால் தெரியும். காலர் முனை திரும்புகிற இடத்தில் எழுந்துபோய் ஒரு கிளறு கிளறிவிட்டு வருவாள். முப்பது வருஷமாக அடி பிடித்தது என்ற பேச்சு அந்த வீட்டில் வந்ததில்லை.

"மூணு சத்தம் வரும்" என்றாள். "போட்டதும் தகரத்துல மழை பேஞ்ச மாதிரி கத்தும். அப்புறம் தண்ணி விட்டுகிட்டு மொணமொணன்னு இருக்கும். அந்த மொணமொணப்பு நின்னு எண்ணெ மட்டும் தனியா பொரியுற சத்தம் வரும் பாரு, அப்ப திருப்பு. திருப்பிப் போட்டதும் ஒரு தடவ சத்தம் மாறும். மாறினதும் எறக்கு. அதுக்கு மேல ஒரு நொடி கூட வைக்காத, ரப்பராயிடும்."

"ஆமா ஆமா" என்றான் டமாரம்.

மழை, மொணமொணப்பு, பொரியல். இதில் அவன் காதுக்கு எது எட்டும் என்று அவனுக்கே சந்தேகம். பேச்சில் பாதி காதில் விழாமல் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. மழை பெய்வதைக்கூட ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். இதை வெளியே சொன்னால் மிஷினைப் பிடுங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார்கள் என்று வேலையிடத்தில் வாயைத் திறந்ததில்லை. வேலையிடத்தில் மறைத்ததை வீட்டில் சொல்வானேன் என்று வீட்டிலும் மறைத்துவிட்டான். அது அப்படியே பழகிவிட்டது.

அடுப்பு லைட்டரை எட்டு முறை அழுத்தினான். ஒன்பதாவது முறை, முகத்துக்கு நேராகப் பொக்கென்று பிடித்து, புருவத்தில் நாலு மயிரைக் கொண்டுபோனது. பெரிய வாணலியை எடுத்தால் கைப்பிடி ஆடியது. போன வருஷம் அவள் திருகாணி முடுக்கித் தரச் சொன்னது. அன்றைக்கும் ஆமா ஆமா என்றுதான் சொல்லியிருப்பான். சலித்துக்கொண்டு சின்ன வாணலியை வைத்தான். அதில் பாதி இறால்தான் கொள்ளும். மீதியைத் தட்டில் ஒதுக்கினான். அந்தக் கைப்பிடி ஆடியது நல்லதாகப் போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது.

எண்ணெய், நசுக்கிய பூண்டு, உப்பு, மிளகாய்த்தூள் என்று அவள் சொன்ன வரிசையிலேயே போட்டான். இறாலைக் கழுவிய கையோடு, ஈரம் சொட்டச் சொட்ட அள்ளிப் போட்டான். ஈரத்தைத் துணியில் ஒற்று என்று உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறாள். யாருக்குக் கேட்டது? எண்ணெய் துள்ளி மணிக்கட்டில் விழுந்தது. வாணலி நிறைய வெள்ளைத் தண்ணீர் விட்டுக்கொண்டு, இறால் எல்லாம் குளத்தில் குளிக்கிற மாதிரி மிதந்தது.

டமாரம் காதைச் சாய்த்துக் கேட்டான். தூரத்தில் யாரோ தண்ணீர் லாரியை நிறுத்தாமல் வைத்திருக்கிற மாதிரி ஒரு ஊம் என்ற இரைச்சல். இது மழையா, மொணமொணப்பா? அந்த இரைச்சல் அவன் காதுக்குள்ளேயே எப்போதும் இருக்கிற இரைச்சல்தான் என்று அவனுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. சரி, தண்ணீர் வற்றட்டும் என்று நின்றான். வற்றியது. நன்றாக வற்றட்டும் என்று நின்றான். அவன் தொழிலில் கான்கிரீட் எவ்வளவுக்கெவ்வளவு நாள் இறுக நிற்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது. அவசரப்பட்டு எடுத்த எதுவும் உருப்பட்டதாக அவன் பார்த்ததில்லை. திருப்பிப் போட்டான். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றான். செந்நிறமாகச் சுருண்டு, பொத்தான் மாதிரி ஆன பிறகு தட்டில் கொட்டி, கொஞ்சம் சோறும் வைத்து, பெருமையாகக் கட்டிலுக்குக் கொண்டுபோனான்.

அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. ஒரு இறாலை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். இன்னும் மென்றாள். தாடை அசைகிறது, தொண்டை அசையவில்லை. கடைசியில் விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். வாய்க்குள் போன மாதிரியே, முழுசாக இருந்தது.

"எறக்கு எறக்குன்னு மூணு தடவ கத்தினேன்" என்றாள்.

"மேல காத்தாடி ஓடிட்டு இருந்துச்சு. அந்த எரைச்சல்ல கேக்கல."

"அடுப்படி காத்தாடி நின்னு ஆறு மாசம் ஆவுது."

டமாரம் நிமிர்ந்து வாசல் வழியாகப் பார்த்தான். புகைபோக்கியில் இருந்த விசிறியின் இறகில் சிலந்தி வலை கட்டிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. ஆறு மாசமாக அது ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் அவன் நினைத்திருந்தான்.

அகப்பட்டுக்கொண்டவனுக்குக் கோபம்தானே முதலில் வரும். சோறு இறங்காதவளுக்குப் பேச்சு மட்டும் நன்றாக இறங்குகிறது என்றான். வேலை வெட்டியை விட்டுவிட்டு, கையைச் சுட்டு, புருவத்தைச் சுட்டு ஆக்கிப் போட்டால் குற்றம் சொல்ல ஒரு வாய் என்றான். உலகத்தில் யாரும் சத்தத்தைக் கேட்டுச் சமைப்பதில்லை, கண்ணால் பார்த்துத்தான் சமைக்கிறார்கள் என்றான். இதையெல்லாம் கீழ்த்தளத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். தான் கத்துவது அவனுக்குத் தெரிவதில்லை.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் இருந்து, அவன் முகம் தன் பக்கம் திரும்பின பிறகு, வாயை நன்றாகத் திறந்து மெதுவாகக் கேட்டாள்.

"எத்தன வருஷமா?"

டமாரம் தட்டைப் பார்த்தான். "நாலு இருக்கும். அஞ்சுன்னும் வச்சுக்கலாம்."

"அஞ்சு வருஷம்." அவள் போர்வையை ஒரு பக்கமாகத் தள்ளினாள். "பின்னாடி இருந்து எது சொன்னாலும் திரும்பிப் பாக்கமாட்ட. கைப்பிடியச் சொன்னேன், கண்டுக்கல. எங்கம்மா செத்த அன்னிக்கு ராத்திரி உன் முதுகுகிட்ட எவ்வளவு பேசினேன் தெரியுமா? நீ பாட்டுக்குப் படுத்திருந்த. சரி, இவ பேச்ச மதிக்கறதில்லன்னு முடிவு பண்ணி நானும் பேசறத விட்டுட்டேன். செவிடன் காதுல ஊதுன சங்குன்னு எத்தன நாள் உன்னத் திட்டியிருப்பேன், உண்மையாவே செவிடன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னா மிஷின..."

"நானா உன் மிஷினப் புடுங்கப் போறேன்?"

டமாரம் கட்டில் காலடியில் உட்கார்ந்தான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அப்படிப் படுத்தால் அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான் என்று மூன்று வார அனுபவம். நாளைக்குத் திங்கட்கிழமை. டமாரத்துக்கு எடை மேடையின் முள் கண்ணுக்குள் ஆடியது.

எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினான். பாதி இறால் இன்னும் இருக்கிறது என்றான். உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறேன், நீ சொல்லு, நான் இறக்குகிறேன் என்றான். நிற்கவும் முடியாது, அந்தப் புகையில் உட்காரவும் முடியாது, குமட்டிக்கொண்டு வந்தால் உள்ளதும் போகும் என்றாள். கரண்டியால் கட்டிலைத் தட்டட்டுமா என்றாள். அதுவும் சத்தம்தானே என்றான். 

அப்புறம் அவள் கையை நீட்டித் தையல் மிஷினின் தலையிலிருந்து நூல்கண்டைக் கழற்றினாள். காலர் தைக்கிற கெட்டி நூல், வெள்ளை. நுனியை அவனிடம் கொடுத்தாள்.

"இத எடுத்துட்டு அடுப்புகிட்ட போ. சத்தம் மாறினதும் இழுக்கறேன்."

டமாரம் நுனியை விரலில் சுற்றிப் பார்த்தான். அவள் இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டில் கட்டினான், இழுத்தாள், அங்கேயும் உணர்ச்சி அரைகுறைதான். மிஷின் தின்றுபோட்ட கை.

"காதுலயே கட்டிக்க" என்றாள் அவள். "சும்மாத்தான இருக்கு."

மூன்று வாரத்தில் அவள் அடித்த முதல் கிண்டல் அது. டமாரத்துக்கு எரிச்சலாகவும் இருந்தது, உள்ளுக்குள் என்னமோ லேசானது மாதிரியும் இருந்தது. வலது காது மடலைச் சுற்றி நூலைக் கட்டிக்கொண்டான். அவள் சுண்டினாள். சுரீரென்றது.

இந்தத் தடவை, இறாலைப் போடும் முன் வந்து, வேறு ஏதாவது சொன்னாயா என்று அவள் முகத்துக்கு நேராக நின்று கேட்டான். ஈரத்தை ஒற்றச் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். பழைய சட்டைத் துண்டில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தான். எண்ணெய் காய்ந்தது. இறால் விழுந்தது. காதில் நூலோடு, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நின்றான்.

பால் பொங்கி அடுப்பைக் கழுவிவிட்டு வந்த கொழுந்தியாள் அந்த நேரம் பார்த்துத்தானா உள்ளே நுழைய வேண்டும்? அறைக்கு நடுவில் நூல். நூலின் ஒரு முனையில் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு அக்கா. மறு முனையில் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி மாமன்.

"என்ன மாமா இது, அக்கா உன்ன..."

அக்கா கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினாள். நூலைத் தொட்டாயோ தொலைந்தாய் என்று அந்தக் கை சொன்னது. கொழுந்தியாள் ஒற்றைக் காலை உள்ளேயும் ஒற்றைக் காலை வெளியேயும் வைத்தபடி நிலையில் ஒட்டிக்கொண்டாள். எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பதுபோல எரிச்சல் வேறு இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

காது சுரீரென்றது. டமாரம் இறாலைத் திருப்பினான். அதற்குள்ளா என்று மனசு அடித்துக்கொண்டது. நடுவில் இன்னும் வெளுப்பு மாறியதாகத் தெரியவில்லை. கான்கிரீட்காரனின் கை, இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் என்றது. கையை அடக்கிக்கொண்டு நின்றான். இவ்வளவு சீக்கிரம் ஒரு பொருள் வெந்துவிடும் என்று நம்புவது, சாலையைப் பிளப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

காது மறுபடியும் சுரீரென்றது. கூடவே இரண்டாவது சுண்டல், மூன்றாவது சுண்டல். மூன்று தடவை கூப்பிட்டுப் பழகியவள் இல்லையா. டமாரம் வாணலியைத் தூக்கித் தட்டில் கவிழ்த்தான்.

முதல் இறாலை அவள் பல்லில் வைத்தாள். கடித்தாள். உடைந்தது. மென்றாள். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. இன்னொன்றை எடுத்தாள். ஒரு கவளம் சோற்றைப் பிசைந்தாள். உப்பு பத்தவில்லை என்றாள்.

"என்ன சொன்ன? கேக்கல" என்றான் டமாரம்.

அஞ்சு வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கொழுந்தியாளுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. உப்பு பத்தலையாம், மரத்தூளாக இருக்கிற நாக்குக்கு உப்பு மட்டும் எப்படித் தெரிகிறதாம் என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். தையல்காரி மட்டும் கவளத்தைப் பாதியில் நிறுத்தி அவனைப் பார்த்தாள். பிறகு வாயைக் காட்டி, "உப்பு" என்றாள்.

டமாரம் உப்பு எடுக்க அடுப்படிக்குப் போனான். போன கையோடு, முதலில் செய்த அந்த ரப்பர் இறாலில் நாலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். வீணாக்க மனசு வரவில்லை. தார் மிஷின்காரன் பல்லே அதற்குத் திணறியது. உப்பு டப்பா எங்கே என்று மேல் தட்டில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து, மிளகாய்த்தூளில் தும்மி, சலித்து நின்றபோது காது மறுபடியும் சுரீரென்றது. காதிலிருந்து நூலை அவிழ்க்க மறந்திருந்தான்.

எட்டிப் பார்த்தான். அவள் காலித் தட்டைத் தூக்கிக் காட்டினாள். உப்பு வேண்டாமாம். வாணலியில் ஒட்டியிருக்கிறதைச் சுரண்டிக்கொண்டு வரச் சொன்னாள்.